உள்ளது உள்ளபடி

"யாரும் தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

மகள் அறைக் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டி நின்றாள். மாடி வீட்டு டெய்லரம்மா, கையில் வெந்நீர்ப் பாத்திரமும் தோளில் துண்டுமாக வந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பாத்திரம் தளும்பிக் கொஞ்சம் தண்ணீர் தரையில் சிந்தியது.

"என்ன கண்ணு பேசறே? உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகுது. பெத்த அப்பாவை இந்தக் கோலத்துல போட்டு வைக்கலாமா? நாலு பேரு வந்து பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பாக்கணும்க்கா. பாக்கத்தான் வச்சிருக்கேன். அந்த ஆபீசர் வரட்டும். வந்து தன் கண்ணால பாக்கட்டும். அப்புறம் குளிப்பாட்டுங்க, பவுடர் போடுங்க, நான் குறுக்கே நிக்க மாட்டேன்."

டெய்லரம்மா உதவிக்கு ஆள் தேடுவதுபோல் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே அம்மா ஒரு முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று இருபதுக்கு அப்பாவின் மூச்சு நின்றதிலிருந்து மகளோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. திட்டினால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கத்திவிட்டு அழுது தீர்த்திருக்கலாம்.

உள்ளே அப்பா கட்டிலில் கிடந்தார். நேற்று ராத்திரி ஊட்டிய பாலும் ரொட்டியும் சட்டையின் மார்பில் காய்ந்து ஒட்டியிருந்தன. நான்கு நாள் தாடி. இடுப்புக்குக் கீழே துணி நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனைந்திருந்தது. அறை முழுக்க மூத்திர நாற்றம். இறப்பை எழுதிக் கொடுக்க வந்த டாக்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் நாடி பார்த்தார். போகும்போது அவளை ஒரு பார்வை பார்த்தார். பெற்றவரைத் தெருநாயைப்போல் போட்டு வைத்திருக்கும் மகளைப் பார்க்கிற பார்வை. அதை அவள் ஆயுசுக்கும் மறக்கப் போவதில்லை.

இத்தனைக்கும் அந்த வீட்டில் அப்பா ஒரு நாள்கூட அழுக்காக இருந்ததில்லை. மறதி நோய் வந்து ஆறு வருஷம். முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு மகளை. அம்மாவை மட்டும் "ஏம்மா" என்று கூப்பிடுவார். அது பெண்டாட்டி என்று தெரிந்து கூப்பிடுகிறாரா, யாரோ ஒரு அம்மா என்று கூப்பிடுகிறாரா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. அவள் ஒரே மகள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அவரைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டு, மருந்துக்கடையில் பில் போடப் போவாள். கடையில் நிற்கும்போது அம்மாவிடமிருந்து போன் வரும். அப்பா குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார், அப்பா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், தூக்க முடியவில்லை. அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, கண்ணில் புரை வேறு. அவள் பில்லைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வருவாள்.

"நானும் ரெண்டு மாசமாப் பொறுத்துப் பாத்துட்டேம்மா," என்று கடை முதலாளி நேரடியாகவே சொல்லிவிட்டார். "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு வழி பண்ணிக்கோ. பாதி நாள் ஆளை வச்சுக்கிட்டு நான் கடை நடத்த முடியாது."

வழி ஒன்று இருந்தது. இப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கு நாளைக்கு நாலு மணி நேரம் உதவியாளர் ஒருவரை அரசாங்கமே அனுப்பும். அதற்கு விண்ணப்பித்து, அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்து, 'தேவை' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

போன வருஷம் ஒரு அதிகாரி வந்தார். அன்றைக்கு நடந்ததை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. மகள் கடையிலிருந்து அனுமதி வாங்கிக்கொண்டு வருவதற்குள் அம்மா தன் வேலையைக் காட்டிவிட்டிருந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டி, மழமழவென்று சவரம் செய்து, தலை வாரி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மாட்டி, பையில் பேனா ஒன்றையும் செருகி, மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள்.

"வீட்டுக்கு ஒரு ஆபீசர் வர்றாருன்னா மனுஷனை வேற எப்படிடி நிறுத்தறது?" என்றாள்.

பையில் பேனாவைச் செருகியதுதான் வினை. அப்பா குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்கியவர். மகளின் பெயர் மறந்த பிறகும் படிவம் மறக்கவில்லை. வந்த அதிகாரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. "கொடுங்க" என்று உரிமையோடு வாங்கி, மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார்.

"ஏழாவது பத்தியைக் காலியா விட்டிருக்கீங்களே சார். இப்படியே மேல அனுப்பினா திருப்பிப் போட்டுடுவாங்க. அப்புறம் நீங்கதான் அலையணும்."

அதிகாரி அசந்துபோனார். அப்பா பேனாவை எடுத்தார். முத்து முத்தான கையெழுத்தில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். 'பிறர் உதவி தேவையா?' என்ற இடத்தில் 'தேவையில்லை' என்று எழுதி, அடியில் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தார். பக்கத்தில் தேதி போட்டார். அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய தேதி. அதிகாரி அதைக் கவனிக்கவில்லை; கவனிக்கச் சொல்லி அவள் காட்டியபோது, "வயசானவங்க, தேதி மாத்திப் போடறது சகஜம்தான்," என்று சிரித்தார். அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், அப்பா மகளைப் பார்த்துக் கேட்டார்:

"நீங்க எந்தக் கவுன்ட்டர்மா? வரிசையில வாங்க."

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'விண்ணப்பதாரர் தூய்மையான தோற்றத்துடனும், தன்னிலை அறிந்தவராகவும், படிவங்களைப் பிழையின்றிப் பூர்த்தி செய்யும் திறன் உள்ளவராகவும் காணப்பட்டார். எனவே கோரிக்கை ஏற்கப்படவில்லை.'

அன்றைக்கு அவள் அம்மாவை ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தாள். "உன் பவுடராலயும் இஸ்திரியாலயும் என் பொழப்புல மண்ணு விழுந்தது" என்றாள். சாயங்காலம் பார்த்தால் வழக்கம்போல் அப்பாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

மேல்முறையீட்டுக்குக் கால் தேய நடந்ததில் ஏழு மாதம் போனது. ஒரு ஜன்னலில் இருந்தவர் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்வார்; அடுத்த ஜன்னலில் இருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். அந்த அலுவலக வாசலில் குடைக்குக் கீழே மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவளுடைய கதை முழுவதையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பு உங்க மேலதாம்மா. குளிப்பாட்டிச் சோடிச்சு நிறுத்தினா எவன் குடுப்பான்? உள்ளது உள்ளபடி காட்டுங்க. நாலு நாள் சவரம் வேணாம். காலையில துணி மாத்தாதீங்க. நாத்தம் அடிக்குதா, அடிக்கட்டும். வர்றவன் உள்ள கால் வச்சதும் ஓடிப் போகணும்னு தோணணும். அப்பத்தான் பேனாவைத் திறப்பான்."

அவர் கெட்டவர் இல்லை. எத்தனையோ பேருக்கு அதே யோசனையைச் சொல்லி, அதில் பலருக்கு உதவி கிடைத்தும் இருக்கிறது.

இன்றைக்குக் காலை பத்து மணிக்கு அதிகாரி வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தரை மணிக்கு அம்மா மாற்றுத் துணியோடு வந்தபோது மகள் அதைப் பிடுங்கி அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். "நாலரை மணி நேரம்மா. நாலரை மணி நேரம் பொறுத்துக்கோ. அப்புறம் இந்த வீட்டுக்கே விடிவு." அம்மா பூட்டையும் மகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அப்பா கொஞ்ச நாளாகவே பேச்சைக் குறைத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை வந்தால் பெரிது. இன்று வந்தது. இடுப்புத் துணியை விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நனைஞ்சிருக்கு" என்றார்.

"தெரியும்ப்பா. கொஞ்சம் பொறுங்க."

"நனைஞ்சிருக்கு."

எட்டு மணிக்குள் அதைப் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்லியிருப்பார். கோபமாக இல்லை. கவுன்ட்டரில் நிற்பவரிடம் குறையை எடுத்துச் சொல்கிற மாதிரி, பொறுமையாக. அவள் ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்தாள். எட்டுக்கு மேல் அவர் சொல்வதை நிறுத்திக்கொண்டார். பத்து அடித்தது. பத்தரை ஆனது. பதினொன்றுக்கு அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வரிசையில் பதினாறாவது இடத்தில் இருப்பதாக ஒரு பதிவுக் குரல் சொல்லி, ஏதோ ஒரு வாத்திய இசையைப் போட்டுவிட்டது. போனைக் காதில் இடுக்கிக்கொண்டே அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம் என்று தலையைத் தூக்கினாள். தலை அவள் கையில் கனத்தது. தண்ணீர் உதட்டோரமாக வழிந்தது.

"அப்பா," என்றாள். "அப்பா."

அம்மா ஓடி வந்து அவர் நெஞ்சில் கை வைத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் போனில் ஆள் வந்தது.

"சொல்லுங்க, என்ன விஷயம்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் அடுத்த வார்த்தை என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். வருத்தம் தெரிவித்துவிட்டு, கோப்பை மூடி, முடிந்த கோப்புகளோடு போட்டுவிடுவார்கள். பிறகு இந்த வீட்டு வாசற்படியை ஒருவரும் மிதிக்க மாட்டார்கள். யாருமே வந்து பார்க்கப் போவதில்லை என்றால், விடிந்ததிலிருந்து அவரை ஈரத்தில் கிடத்தியது எதற்கு?

"பத்து மணிக்கு ஆபீசர் வர்றதாச் சொன்னீங்க. இன்னும் வரலை," என்றாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது.

"மூணு மணிக்குள்ள வந்துடுவாங்க. வீட்டுலயே இருங்க."

அம்மா நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதோடு சமையலறைக்குப் போனவள்தான்.

மூன்று மணிவரை மகள் அறைக் கதவை விட்டு நகரவில்லை. டெய்லரம்மா இரண்டு தடவை வெந்நீரைச் சுடவைத்துக் கொண்டுவந்தாள்; இரண்டு தடவையும் திருப்பிக் கொண்டு போனாள். மூன்றேகாலுக்குப் போன் வந்தது. வண்டி தெருவைக் கண்டுபிடிக்க முடியாமல் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்தது. முனைக்கு வந்து நிற்கும்படி டிரைவர் சொன்னார்.

"நீ போயிட்டு வா. நான் கதவுகிட்ட நிக்கிறேன்," என்றாள் டெய்லரம்மா.

"யாரும்—"

"அதான் நிக்கிறேன்னு சொல்றேனே. போ."

முனையில் முக்கால் மணி நேரம் வெயிலில் காய்ந்தாள். வண்டி வந்து நின்றதும் இறங்கியது ஒரு பெண் அதிகாரி. அவளைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். கண்ணைச் சுற்றிக் கருவளையம். மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. "இன்னிக்குப் பதினெட்டு வீடும்மா. தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள். வண்டி சந்துக்குள் நுழையாது என்பதால் இருவரும் நடந்தார்கள். நடந்துகொண்டே அட்டையில் காகிதத்தைச் செருகி அதிகாரி கேட்க ஆரம்பித்தாள்.

"தானா எழுந்து நடப்பாரா?"

"மாட்டார்."

"சாப்பாடு?"

"தானா எடுத்துச் சாப்பிட மாட்டார்."

"பேசறது?"

"இல்லை."

"கூப்பிட்டாத் திரும்பிப் பாப்பாரா?"

"பாக்க மாட்டார்."

அதிகாரி ஒவ்வொன்றுக்கும் பேனாவால் குறி போட்டாள். வீட்டு வாசலை நெருங்கும்போது குறிகளைக் கூட்டிப் பார்த்து, களைத்த முகத்தோடு கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். "எல்லாத்துலயும் முழுசா வருது. போன தடவை எப்படி நிராகரிச்சாங்கன்னே புரியல. கவலைப்படாதீங்க, இந்தத் தடவை கண்டிப்பாக் கிடைச்சுடும்."

"உள்ள வாங்க," என்றாள் மகள். "வந்து பாருங்க. நல்லாப் பாருங்க."

கதவருகே டெய்லரம்மா இல்லை. அறையில் சோப்பு வாசனை அடித்தது.

அப்பா வெளுத்த விரிப்பின்மேல் நேராகப் படுத்திருந்தார். முகம் மழமழவென்றிருந்தது. தலையைப் படிய வாரி, வகிடு எடுத்திருந்தார்கள். அலமாரிப் பூட்டை உடைத்திருந்தார்கள். இஸ்திரி போட்ட அதே வெள்ளைச் சட்டை. விறைத்த கையை மடக்கிச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் டெய்லரம்மா அதன் முதுகைக் கத்தரித்திருந்தாள். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. அவள் கத்தரிக்கோலோடு சுவரோரம் நின்று, மகளின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அம்மா, முழங்கைவரை ஈரத்தோடு, கட்டிலின் தலைமாட்டில் நின்றிருந்தாள்.

அதிகாரிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அட்டையை மெதுவாக மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எப்போ?"

"பதினொண்ணு இருபது," என்றாள் மகள்.

"எனக்குப் பட்டியல் கையில குடுத்ததே பன்னெண்டு மணிக்குத்தான்." யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் அதைச் சொன்னாள். "வழியிலயே சொல்லியிருக்கலாமேம்மா. நான் பாட்டுக்கு என்னென்னவோ கேட்டுக்கிட்டு வந்தேன்."

மகள் வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது எல்லாம் நெஞ்சுக்குழியில் இருந்தது. இது அவர் இல்லை, காலையில் வந்திருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நாலு நாள் தாடி, காய்ந்த பால், அந்த நாற்றம். அதை எப்படிச் சொல்வது? பெற்றவரை நான்தான் மூத்திரத்தில் கிடத்தினேன், வேண்டுமென்றே கிடத்தினேன் என்று அவர் தலைமாட்டில் நின்று சொல்வதா?

அதிகாரி கட்டிலுக்கு அருகில் போய்க் கைகூப்பினாள். அப்பாவின் முகத்தையும், வகிட்டையும், சட்டைக் காலரையும் பார்த்தாள். மனதாரத்தான் சொன்னாள்:

"நல்லாப் பாத்துக்கிட்டிருக்கீங்க. நான் எத்தனையோ வீட்டுக்குப் போறேன். இவ்வளவு சுத்தமா யாரும் வச்சுக்கறதில்ல."

அம்மா அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினாள்.

"இவதான் பாத்துக்கிட்டா," என்று மகளைக் காட்டினாள். "ஆறு வருஷமா. நான் ஒண்ணும் பண்ணலை."

அதில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று மகள் அம்மாவின் முகத்தில் தேடினாள். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்திருக்கும். அம்மா நிஜமாகவே அதைத்தான் சொன்னாள்.

அதிகாரி முற்றத்தில் நின்று, குறி போட்ட காகிதத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். வந்துபோனதற்கு அத்தாட்சியாக மகளிடம் ஒரு கையெழுத்து வேண்டும் என்றாள். மகள் பேனாவை வாங்கி, எங்கே என்று கேட்காமல் அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அதிகாரி வேகமாகப் போய்விட்டாள். அவளையும் குறை சொல்ல முடியாது. யாரையுமே குறை சொல்ல முடியாதபடி எல்லாரும் நல்லவர்களாக இருந்ததுதான் மகளுக்குத் தாங்கவில்லை.

பிறகு அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். முகத்தைப் பார்த்து, "தூங்கற மாதிரியே இருக்கார்" என்று சொல்லிப் போனார்கள். மருந்துக்கடை முதலாளி வந்து, "எல்லாம் முடிஞ்சு நிதானமா வேலைக்கு வாம்மா, அவசரம் இல்லை," என்றார். அவள் தலையாட்டினாள். கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

விரிப்பு கொஞ்சம் விலகியிருந்தது. அப்பாவின் கால் விரல்கள் வெளியே தெரிந்தன. நகங்கள் நீண்டு, மஞ்சளாகி, கட்டைவிரலில் ஒன்று வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. அம்மாவின் கண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரிந்திருக்காது. மகள் எழுந்துபோய் நகவெட்டியை எடுத்து வந்தாள். அவர் காலைத் தன் முந்தானையால் ஏந்திப் பிடித்து, சின்ன விரலிலிருந்து ஆரம்பித்தாள். நகம் கெட்டியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தடவை அழுத்த வேண்டியிருந்தது. சதையைக் கடித்துவிடாமல் குனிந்து பார்த்துப் பார்த்து வெட்டினாள்.

"மயான வண்டி வந்துடுச்சு கண்ணு," என்றாள் டெய்லரம்மா, தாழ்ந்த குரலில். "இப்பப் போய் இது எதுக்கு?"

"தோ, ஆச்சுக்கா."

வெளியே டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். ஆண்கள் நாலு பேர் நிலைப்படியில் வந்து நின்று, உள்ளே வராமல் காத்திருந்தார்கள். அவள் வலது காலை முடித்துவிட்டு, இடது கால் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.